ஜெர்மனிக்கு வரும் தம்பிக்கு: லேப்டாப்பை ஊரிலேயே வாங்கு, இப்போதே வாங்கு

தம்பி, நீ கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஏகாம்பரகுப்பம் பையன், புத்தூரில் பி.டெக். முடித்துவிட்டு, அக்டோபரில் கெம்னிட்ஸில் ஆட்டோமோட்டிவ் சாஃப்ட்வேர் படிக்க வருகிறாய். லேப்டாப்புக்கு அப்பா ஒதுக்கியிருப்பது 65 ஆயிரம் ரூபாய். சென்னை ரிச்சி தெருவில் விசாரித்தபோது கடைக்காரர் ஒரு கேமிங் லேப்டாப்பை எடுத்துவைத்து, "இன்ஜினியரிங்குக்கு இதுதான் சார்" என்கிறார். உன் சீனியர் ஒருவரோ, "இங்கே வந்து வாங்கிக்கொள், ஏன் சுமந்து வருகிறாய்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

இரண்டு பேர் சொல்வதையும் கேட்காதே. நானும் ஆந்திராவில் உன் பக்கத்து நகரிக்காரிதான், ஜெர்மனியில் டிரெஸ்டனில் குடியேறி வருஷக்கணக்காகிறது. வருஷா வருஷம் நம் பக்கத்துப் பிள்ளைகள் யாராவது இதையேதான் கேட்கிறார்கள். ஊரிலேயே வாங்கு, கேமிங் வேண்டாம், கிளம்புகிற வாரத்தில் வாங்காமல் இப்போதே வாங்கு என்றுதான் எல்லோருக்கும் சொல்கிறேன்.

ஏன் ஊரில் என்றால், முதல் காரணம் கைப்பணம். பிளாக்டு அக்கவுண்டில், அதாவது விசாவுக்காக ஒரு வருஷச் செலவைப் பூட்டிவைக்கும் கணக்கில், 11,904 யூரோ போட்டிருப்பாய். அதிலிருந்து மாதம் 992 யூரோதான் வரும், அதுவும் இங்கே வந்து ஒரு பேங்க் கணக்கு திறந்த பிறகு. முதல் மாதத்திலேயே அறைக்கு முன்பணம் கேட்பார்கள். சட்டப்படி மூன்று மாத வாடகை வரை வாங்கலாம். அந்த மாத வாடகை, செமஸ்டர் கட்டணம், இன்சூரன்ஸ், குளிருக்கு ஒரு நல்ல ஜாக்கெட் எல்லாம் அதே மாதத்தில்தான். அந்த நேரத்தில் லேப்டாப்புக்கு 600 யூரோ எடுத்துவைப்பது பெரிய பாடு. அப்புறம், எஜுகேஷன் லோன் எடுத்திருந்தால் பேங்கில் கேட்டுப் பார். படிப்புக்குத் தேவையான கம்ப்யூட்டரையும் லோன் செலவில் சேர்க்க வழி இருக்கிறது. கடையில் கொட்டேஷன் வாங்கிக் கொடுத்தால் அப்பாவின் கைப்பணம் மிச்சம்.

இரண்டாவது காரணம் கீபோர்டு. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஜெர்மனியில் கடையில் இருக்கும் லேப்டாப் எல்லாம் ஜெர்மன் கீபோர்டோடுதான் வரும். ஒய், இசட் இரண்டும் இடம் மாறியிருக்கும். அதைக்கூடப் பழகிவிடலாம். ப்ரோகிராம் கோடு எழுதும்போதுதான் வேதனை. வளைந்த அடைப்புக்குறியைத் திறக்க ஆல்ட்ஜிஆர் (ஸ்பேஸ் பாருக்கு வலப்பக்கக் கீ) அழுத்திக்கொண்டு 7, மூட ஆல்ட்ஜிஆரோடு 0. சதுர அடைப்புக்குறிக்கு 8, 9. ஈமெயிலில் போடும் அட் குறிக்கு ஆல்ட்ஜிஆரோடு கியூ. நாள் முழுக்க சி++ எழுதப் போகிற உனக்கு இது எப்படி இருக்கும், யோசித்துப் பார். செட்டிங்கில் இங்கிலீஷுக்கு மாற்றலாம் என்பார்கள், மாற்றலாம்தான். கீயில் அச்சிட்டிருப்பது ஒன்று, திரையில் விழுவது வேறு என்று ஆகிவிடும்.

இதற்கு நேர் எதிரான பிரச்சினை மிகச் சுலபம். நம் ஊர் லேப்டாப்பில் ஜெர்மன் எழுத்து அடிக்க வேண்டுமென்றால், விண்டோஸில் யூஎஸ் இன்டர்நேஷனல் லேஅவுட்டைச் சேர்த்துக்கொள். வலப்பக்க ஆல்ட்டோடு கியூ அடித்தால் இரட்டைப்புள்ளி ஏ, பி (P) அடித்தால் இரட்டைப்புள்ளி ஓ, ஒய் அடித்தால் இரட்டைப்புள்ளி யூ, எஸ் அடித்தால் ஜெர்மனின் எஸ்செட் எழுத்து (ß). ஒரே வாரத்தில் கை பழகிவிடும். கூடவே தமிழையும் தெலுங்கையும் அதே இடத்தில் சேர்த்துக்கொள். நம் பிள்ளைகள் பலருக்கு வீட்டில் பேச்சு தமிழ், பள்ளியில் எழுத்து தெலுங்கு. இரண்டையுமே கையோடு வைத்துக்கொள்வது நல்லது.

இனி வாரண்டி. ஊரில் வாங்குவதில் இருக்கும் ஒரே பெரிய குறை இதுதான், மறைக்க மாட்டேன். நாம் வாங்கும் நடுத்தர விலை மாடல்கள் பலவற்றுக்கு ஒரு வருஷ வாரண்டி இந்தியாவுக்குள் மட்டும்தான். சில பிசினஸ் மாடல்களுக்கு வெளிநாட்டிலும் செல்லும். வாங்குமுன் அந்தக் கம்பெனியின் தளத்தில் மாடலைப் போட்டுப் பார்த்துவிடு, கடைக்காரர் வாயால் சொல்வதை நம்பாதே. இப்போதே வாங்கு என்று நான் சொல்வதும் இதனால்தான். புது மெஷினில் குறை இருந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று மாதத்தில் தெரிந்துவிடும். அந்த மாதங்களை நீ நகரியில் கழித்தால், சென்னையிலோ திருப்பதியிலோ சர்வீஸ் சென்டரில் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். வாங்கியதும் பெட்டியிலேயே பத்திரமாக வைக்காமல் தினமும் போட்டு அடி. சார்ஜ் முழுக்க இறங்கவிடு, வீடியோ காலில் கேமராவையும் மைக்கையும் பார், எல்லா யூஎஸ்பி ஓட்டையிலும் எதையாவது சொருகிப் பார். பில் இல்லாமல் விலை குறைக்கிறேன் என்று யாராவது சொன்னால் அந்தக் கடையை விட்டு இறங்கிவிடு. சீரியல் நம்பரோடு பில் இருந்தால்தான் வாரண்டி பேச முடியும்.

இப்போது எதை வாங்குவது என்பதற்கு வருவோம். கடையில் "ஐ7", "ரைசன் 7" என்ற ப்ராசசர் ஸ்டிக்கரைக் காட்டி விற்பது, முந்தானையை மட்டும் விரித்துக் காட்டிச் சேலை விற்கிற மாதிரி. முழு நம்பரைக் கேள். உதாரணமாக ரைசன் 5 7520யூ, ரைசன் 5 7530யூ என்று இரண்டு இருக்கின்றன. பார்த்தால் அண்ணன் தம்பி போலத் தெரியும். அந்த வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் வடிவமைப்பைச் சொல்கிறது. 2 என்றால் 2019ல் வந்த ஜென் 2. 3 என்றால் அதற்கடுத்த ஜென் 3. முதலாவதில் நான்கு கோர் (ஒரே நேரத்தில் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி), இரண்டாவதில் ஆறு. முதலாவதோடு வரும் மெமரி போர்டிலேயே பற்றவைத்தது, பிறகு கூட்டவே முடியாது. விலை வித்தியாசம் கொஞ்சம்தான், ஆனால் உன் வேலைக்கு இரண்டாவதுதான் சரி. இன்டெல்லிலும் இதே கதை. கடைசியில் யூ என்றால் மின்சாரம் குறைவாகக் குடிக்கும், பேட்டரி நிற்கும். ஹெச் என்றால் வேகம் கூடும், சூடும் கூடும். 13ஆம் தலைமுறை ஐ5 யூ வகை உனக்குத் தாராளம். புதுப்பெயரில் வரும் கோர் 5 120யூ என்பதும் கிட்டத்தட்ட அதே சரக்குதான். பெயர் புதுசு என்று அதிகம் கொடுக்காதே.

ப்ராசசரைவிட முக்கியம் மெமரி. 16 ஜிபிக்குக் கீழே இறங்காதே. சிமுலேஷனுக்கான சிமுலிங்க், ஒரு வர்ச்சுவல் மெஷினில் (லேப்டாப்புக்குள்ளேயே ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர்) லினக்ஸ், பிரௌசரில் முப்பது டேப், இவ்வளவும் ஒன்றாகத் திறந்தால் 8 ஜிபி மூச்சு வாங்கும். முன்பெல்லாம் "8 ஜிபி வாங்கு, பிறகு கூட்டிக்கொள்" என்று சொல்வேன். 2025 கடைசியிலிருந்து ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை வாங்கிக் குவிப்பதால் விலை ஏறிக் கிடக்கிறது. ஆகவே ஆரம்பத்திலேயே 16 ஜிபி இருக்கட்டும், கூட ஒரு காலி ஸ்லாட் இருந்தால் ரொம்ப நல்லது. ஃபைல்களைச் சேமிக்கும் எஸ்எஸ்டி 512 ஜிபி போதும். திரை 14 அங்குலம், ஐபிஎஸ் (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் மாறாத வகை), முடிந்தால் 1920க்கு 1200 பிக்சல். உயரம் கொஞ்சம் கூடுவதால் கோடில் சில வரிகள் அதிகம் தெரியும்.

கேமிங் லேப்டாப் ஏன் வேண்டாம்? எடை இரண்டேகால் கிலோவுக்கு மேல், சார்ஜர் செங்கல் மாதிரி இன்னொரு முக்கால் கிலோ. கைப்பைக்கு ஏழு எட்டு கிலோதான் விடும் விமானத்தில் மூன்று கிலோ அதற்கே போய்விடும். இங்கே வந்த பிறகு தினமும் ட்ராமிலும் நடந்தும் முதுகில் சுமக்க வேண்டும். லெக்சர் ஹாலில் எல்லா வரிசையிலும் பிளக் பாயிண்ட் இருக்காது, அந்த மெஷினின் பேட்டரியோ பாதி நாளைக்குக்கூடத் தாங்காது. பெரிய கணக்குகளுக்கு யுனிவர்சிட்டியின் சர்வர் உண்டு. உன் லேப்டாப் அதோடு பேசினால் போதும். விளையாடத்தான் ஆசை என்றால் அது வேறு விஷயம், அப்பாவிடம் அப்படியே சொல்லி வாங்கு.

ஸ்னாப்டிராகன் (போன்களில் வரும் வகை ப்ராசசர்) போட்ட விண்டோஸ் லேப்டாப்பும் உனக்கு வேண்டாம். பேட்டரி அருமையாக நிற்கும். ஆனால் லேபில் வண்டிக் கருவிகளோடு இணைக்கும் டிரைவர்கள் சில அதில் ஓடாது. மேக்புக் உன் பட்ஜெட்டில் இல்லை, உன் படிப்புக்கு விண்டோஸும் லினக்ஸும்தான் தேவை.

உன் சீனியர் சொன்னதில் ஒரு பாதி நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். கம்பெனிகள் சில வருஷம் ஓட்டிவிட்டுத் திருப்பிக்கொடுக்கும் திங்க்பேட், லேட்டிட்யூட், எலைட்புக் மாதிரி லேப்டாப்களைச் சுத்தம் செய்து விற்கும் கடைகள் இங்கே நிறைய. 400 யூரோ சுமாருக்கு நல்ல மெஷின் கிடைக்கும். ஆன்லைனில் வாங்கினால் 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பலாம். புதுப் பொருளுக்கு இரண்டு வருஷம் கடைக்காரரே சட்டப்படி பொறுப்பு, பழையதுக்கு அதை ஒரு வருஷமாகக் குறைத்துக்கொள்ள அவர்களுக்கு அனுமதி உண்டு. தனி ஆளிடம் வாங்கினால் அந்தப் பொறுப்பையும் கழற்றிவிடலாம், கவனம். இன்டெல் எட்டாம் தலைமுறைக்குக் கீழே எதையும் தொடாதே. விண்டோஸ் 10க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்துவிட்டது, அந்தப் பழைய மெஷின்களுக்கு விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. வீட்டில் இப்போதைக்கு ஓடுகிற லேப்டாப் ஏதாவது இருந்தால் அதோடு வந்து, கீபோர்டைப் பொறுத்துக்கொண்டு, டிசம்பர் வாக்கில் இப்படி ஒன்றை எடுக்கலாம். உன் கையில் எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறாய், அதனால் இது உனக்கு இரண்டாம் பட்சம்தான்.

சார்ஜர் பற்றிக் கவலை வேண்டாம். இங்கும் 230 வோல்ட்தான். நம் மூன்று முனை பிளக் இங்கே சுவரில் ஏறாது, அவ்வளவுதான். சார்ஜர் பெட்டியிலிருந்து சுவருக்குப் போகும் ஒயரை மட்டும் இங்கே சில யூரோவுக்கு மாற்றிக்கொள். யூஎஸ்பி-சியில் சார்ஜ் ஆகும் மாடலாக இருந்தால் இன்னும் நிம்மதி, எங்கும் சார்ஜர் கிடைக்கும். ஐரோப்பிய யூனியனும் 2026 ஏப்ரல் 28 முதல் புது லேப்டாப்களுக்கு அதையே கட்டாயம் ஆக்கியிருக்கிறது. லேப்டாப்பைக் கைப்பையில்தான் கொண்டுவர வேண்டும், பெரிய பெட்டியில் போட்டு அனுப்பிவிடாதே.

அடுத்த முறை ரிச்சி தெருவுக்குப் போகும்போது ஒரே கடையில் நின்றுவிடாமல் நாலு கடை ஏறி இறங்கு. பிடித்த மாடலின் அட்டைப்பெட்டியில் ஒட்டியிருக்கும் லேபிளை முழுசாகப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. நான் பார்த்துச் சொல்லும் வரை பணம் கட்டாதே.