விரிவாக்கப் பணிக்கு வர வேளாண் பட்டம் கட்டாயமா?

கேள்வி: சமூகவியலில் முதுகலை முடித்துவிட்டு, இப்போது ஓர் அலுவலகத்தில் தரவு தொகுக்கும் வேலையில் இருக்கிறேன். வயது 27. பல்கலைக்கழகத்தில் இருக்கும் அறிவை மக்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் விரிவாக்கப் பிரிவில் சேர்ந்து கிராம மேம்பாட்டுப் பணி செய்ய ஆசை. குடும்பத்தில் யாருக்கும் விவசாயம் தெரியாது. இன்னொரு பட்டம் படிக்க வேண்டுமா? இந்த வேலையை நம்பி வாழ்க்கையை அமைத்துக்கொள்ளலாமா?

பதில்: இன்னொரு பட்டத்துக்கு உடனே ஓட வேண்டாம். இந்தத் துறையின் அடிப்படைப் பாடங்களில் ஒன்றைச் சொன்னவர்களே சமூகவியலாளர்கள்தான். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வீரிய ஒட்டு மக்காச்சோள விதை எப்படிப் பரவியது என்று பிரைஸ் ரயன், நீல் கிராஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் விசாரித்து 1943இல் எழுதினார்கள். 259 விவசாயிகளில் இரண்டு பேரைத் தவிர மற்ற எல்லாரும் 1928க்கும் 1941க்கும் இடையில் அந்த விதைக்கு மாறியிருந்தார்கள். நல்ல விளைச்சல் தரும் விதைதான், ஆனாலும் அத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. பெரும்பாலானவர்கள் விதையைப் பற்றி முதலில் கேள்விப்பட்டது விற்பனையாளரிடம். போட்டுப் பார்க்கலாம் என்று துணிந்ததோ பக்கத்து நிலத்துக்காரர் சொன்ன பிறகு.

நீங்கள் சேரப்போகும் வேலையின் சாரம் இதில் இருக்கிறது. செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது சுலபமான பாதி. யார் யாரை நம்புகிறார்கள், யார் முதலில் செய்து பார்ப்பார், யாருக்கு நஷ்டத்தைத் தாங்கும் சக்தி இல்லை என்று கண்டுகொள்வது கடினமான பாதி. அந்த இரண்டாவது பாதிக்கு உங்கள் படிப்பு நேரடியாக உதவும்.

ஆனால் ஒரு விஷயத்தையாவது ஆழமாகத் தெரிந்துகொள்ளாமல் போகாதீர்கள். 'மக்களோடு பழகத் தெரியும்' என்பது மட்டும் போதாது. கிராமத்தில் கூட்டம் போட்டால் பத்து நிமிடத்தில் யாராவது எழுந்து, சரி, உங்களால் எங்களுக்கு என்ன ஆகும் என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான் அது. கூட்டுறவுச் சங்கக் கணக்கு, சிறுதொழில் கடன், குடிநீர்ப் பராமரிப்பு, ஊட்டச்சத்து, இளைஞர் பயிற்சி என்று ஏதாவது ஒன்றை எடுத்து ஓராண்டாவது ஊன்றிப் படியுங்கள். ஏற்கெனவே தரவோடு பழகியவர் என்பதால், திட்டத்தால் என்ன மாறியது என்று அளக்கும் மதிப்பீட்டு வேலையை நான் முதலில் பரிந்துரைப்பேன். பல விரிவாக்கப் பிரிவுகளில் அதற்குத்தான் ஆள் குறைவு.

எந்தக் கதவைத் தட்டுவது என்பதிலும் கவனம் வேண்டும். விவசாயிகளுக்குப் பயிற்சி தரும் இந்தியாவின் வேளாண் அறிவியல் நிலையங்களை எடுத்துக்கொள்ளுங்கள்; முதலாவது நிலையம் 1974இல் புதுச்சேரியில் தொடங்கியது. அங்கே பாட வல்லுநர் பணியிடங்கள் துறைவாரியாகப் பிரிந்தவை. பயிர்ப் பாதுகாப்புக்கான இடத்துக்கு அந்தப் பாடத்தில் முதுகலை கேட்பார்கள். அதைக் குறிவைத்தால் புதுப் பட்டம் தவிர்க்க முடியாதது. சமுதாய மேம்பாடு, தலைமைப் பயிற்சி, குடும்ப நலம் என்ற பெயர்களில் பல்கலைக்கழகங்கள் நிரப்பும் பணியிடங்களுக்கு உங்கள் பட்டமே பொருந்தலாம். கல்வித்தகுதியில் 'சார்ந்த துறை' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தயங்காமல் விண்ணப்பியுங்கள்.

களத்தில் என்ன திறமை வேண்டும் என்று புரிய இந்தோனேசியாவின் உழவர் வயல்வெளிப் பள்ளிகளைப் பற்றிப் படியுங்கள். நெல்லில் புகையான் பூச்சி பெருகியதற்குப் பூச்சிமருந்தே ஒரு காரணம் என்று தெரிந்து, அந்த நாடு 1986இல் 57 மருந்து வகைகளை நெல்லுக்குத் தடை செய்தது. வயல்வெளிப் பள்ளிகள் 1989இல் தொடங்கின. ஒரு பருவம் முழுக்க, வாரம் ஒருமுறை விவசாயிகள் குழுவாக வயலில் இறங்கிப் பூச்சிகளை எண்ணி, பார்த்ததைப் படமாக வரைந்து விவாதித்தார்கள். 'இது என்ன பூச்சி?' என்று கேட்டால் பயிற்றுநர் பெயரைச் சொல்லிவிட மாட்டார். 'எங்கே பார்த்தீர்கள்? என்ன செய்துகொண்டிருந்தது?' என்று திருப்பிக் கேட்பார். பதில் தெரிந்தும் பொறுத்திருக்கும் இந்தப் பழக்கம் படித்தவர்களுக்கு எளிதில் வராது. இதை இப்போதே பழக ஆரம்பியுங்கள். எந்தச் சிறு குழுவிலும் பழகலாம்.

அப்புறம், வாரத்தில் சில மாலைகளும் விடுமுறை நாட்களும் போகும். மக்கள் வேலை முடித்து வந்த பிறகுதான் கூட்டம் நடக்கும். சாலையோரக் கிராமங்களுக்கும், நன்றாகப் பேசத் தெரிந்த நாலு பேரிடமும் போய்விட்டுத் திரும்புவது இந்த வேலையில் எல்லாருக்கும் ஒட்டிக்கொள்ளும் கெட்ட பழக்கம். கூட்டத்துக்கு வராதவர்கள் யார், ஏன் வரவில்லை என்று எழுதிவைப்பவர் மற்றவர்களைவிடச் சீக்கிரம் ஊரைப் புரிந்துகொள்கிறார்.

நம்பி வாழலாமா என்ற கேள்விக்குப் பதில், சம்பளம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது. அமெரிக்காவில் 1914இல் வந்த ஸ்மித்-லீவர் சட்டம் விரிவாக்கத்தைப் பல்கலைக்கழகங்களிடம் ஒப்படைத்தது. அங்கே மத்திய அரசு, மாநிலம், உள்ளூர் நிர்வாகம் மூன்றும் செலவைப் பகிர்ந்துகொள்கின்றன. எல்லா இடத்திலும் அப்படி நிலையான ஏற்பாடு கிடையாது. திட்ட நிதியில் வரும் வேலை, திட்டம் முடியும்போது முடியும். இளம் வயதில் அப்படி ஒன்றை ஏற்கலாம், தவறில்லை. ஆனால் ஓராண்டு ஒப்பந்தங்களாகவே ஊர் ஊராய்த் தாவிக்கொண்டிருந்தால் எந்த ஊரும் உங்களை நம்பும் அளவுக்குப் பழகியிருக்காது. அந்த அயோவா விதைக்கே பதிமூன்று வருஷம் ஆனது. சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் ஒரே பகுதியில் நான்கைந்து ஆண்டுகள் இருக்கவிடும் பணியைத் தேர்ந்தெடுங்கள் என்பதே என் உறுதியான கருத்து.

விண்ணப்பிக்கும் முன் ஒரு விரிவாக்க அலுவலரோடு சில நாட்கள் கூடவே சுற்றுங்கள். கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். பிறகு உள்ளூர்க் குழு ஒன்றோடு தன்னார்வலராக ஒரு சிறு வேலையை முதலிலிருந்து கடைசிவரை செய்யுங்கள். விண்ணப்பக் கடிதத்தில் அதை மட்டும் எழுதினால் போதும்: தேவை என்று சொன்னது யார், எத்தனை பேர் வந்தார்கள், பாதியில் விலகியவர் யார், சில மாதம் கழித்து என்ன மிஞ்சியது. பொதுமக்களுக்குப் பேசுவதுபோல் சில நிமிடம் பேசிக்காட்டச் சொல்வதும் உண்டு, தயாராகப் போங்கள்.

நேர்காணலில் நீங்களும் கேளுங்கள். நிதி எத்தனை ஆண்டுக்கு உறுதி? பதவி உயர்வுக்குக் களப்பணியை எப்படி மதிப்பிடுவீர்கள், ஆய்வுக் கட்டுரைகளை மட்டும் எண்ணுவீர்களா? இந்த இடத்தில் முன்பு இருந்தவர் எவ்வளவு காலம் இருந்தார், ஏன் போனார்? கடைசிக் கேள்விக்கு மழுப்பலாகப் பதில் வந்தால், முடிந்தால் அந்த முன்னவரையே தேடிப்பிடித்துப் பேசிவிட்டு முடிவெடுங்கள்.