வரவு எவ்வளவு என்று ஆத்தா கேட்கிறார்

கேள்வி: எனக்குத் தேவகோட்டை, வயது 29. சென்னையில் மூன்று பேரைச் சம்பளத்துக்கு வைத்து, வெளியூர்களில் இருக்கும் நம் செட்டிநாட்டுப் பகுதிக்காரர்கள் பேசிக்கொள்ளவும் வீட்டு விசேஷங்களை அறிவிக்கவும் ஒரு சமூக வலைத்தளம் நடத்துகிறேன். பொருளாதார மந்தத்தில் விளம்பரம் பாதியாகிவிட்டது. முதலீடு செய்வதாகச் சொன்னவர் 'பொறுத்துப் பார்ப்போம்' என்கிறார். கையில் ஐந்து மாதத்துக்குத்தான் பணம். என்னைப் பெற்ற ஆத்தாவும் தன் கல்யாணச் சீர்ப்பணத்தில் 9 லட்சம் போட்டிருக்கிறார். வாரம் தவறாமல் போனில் 'வரவு எவ்வளவு?' என்பார். புதிதாகச் சேர்ந்தவர்களின் எண்ணிக்கையைச் சொல்வேன். போன வாரம் 'நாலாயிரம்' என்றேன். ரூபாய் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டார்; நான் திருத்தவில்லை. மந்தநிலையில் இதுபோன்ற நிறுவனங்கள் தாக்குப்பிடிக்குமா?

பதில்: தம்பி, மந்தத்தைப் பற்றி மாதம் நாலு பேராவது எனக்கு எழுதுகிறார்கள். ஆறுதல் வேண்டுமென்றால் கூட்டாளிகளிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்துவது ஒரே சொல்தான்: 'திருத்தவில்லை'.

ஆள் வரவைப் பண வரவாக்கி ஆத்தாவிடம் சொன்னீர்கள். அதை அவரைவிட நீங்கள் அதிகம் நம்பிவிட்டீர்கள். மந்தம் வந்தால் நகைக்கடைக்காரர் கடை வாடகையை நிறுத்த முடியாது. விளம்பரத்தை நிறுத்தலாம், முதலில் அதைத்தான் நிறுத்துவார். வேலை போனவனுக்கோ பொழுது நிறைய. உங்கள் தளத்தில் இன்னும் அதிக நேரம் உட்காருவான். ஆள் கூடும், சர்வர் செலவு கூடும், காசு குறையும். முதலீட்டாளர் பின்வாங்குவதும் வட்டிக்கடைக்காரர்களுக்குத் தெரிந்த சங்கதிதான். 2022இல் அமெரிக்க மத்திய வங்கி வட்டியைப் பூஜ்யத்துக்குப் பக்கத்திலிருந்து 4 சதவீதத்துக்கு மேல் ஏற்றியது. இருந்த இடத்திலேயே வட்டி கிடைக்கிற பணம் எதற்காக உங்கள் வாசலில் வந்து நிற்கும்?

2008 மந்தத்தில் ஃபேஸ்புக் தப்பித்ததே என்பீர்கள். 2009 செப்டம்பரில் 30 கோடிப் பேர் சேர்ந்துவிட்டார்கள் என்று அறிவித்த அதே மூச்சில், வருகிற பணம் செலவைத் தாண்டிவிட்டது என்றும் அந்த நிறுவனம் சொன்னது. உங்களிடம் முதல் பாதி மட்டும் இருக்கிறது. பீபோ என்ற சமூக வலைத்தளத்தை 2008இல் ஏஓஎல் என்ற அமெரிக்க இணைய நிறுவனம் 85 கோடி டாலருக்கு வாங்கியது. இரண்டே ஆண்டில் அதில் ஒரு துளி விலைக்குத் தள்ளிவிட்டது. அங்கேயும் ஆளுக்குக் குறைவிருக்கவில்லை.

நமக்கு இது புதிதுமில்லை. 1929இல் தொடங்கிய உலக மந்தத்தில் பர்மாவில் நெல் விலை விழுந்தது. நம் செட்டியார் வட்டிக்கடைகளில் கடன் வாங்கிய குடியானவர்களிடமிருந்து காசுக்குப் பதில் நிலம்தான் வந்தது. சில ஆண்டுகளில் கீழ் பர்மாவின் முக்கிய மாவட்டங்களில் நெல் நிலத்தில் ஏறக்குறையக் கால் பங்கு செட்டியார் கடைகளின் ஏட்டில் ஏறிவிட்டது. ஏட்டைப் பார்த்தால் ராஜாக்கள். பெட்டியைத் திறந்தால் காற்று. 1942இல் ஜப்பான் படை வந்தபோது நடந்தே ஊர் திரும்பியவர்களில் என் அப்பாவைப் பெற்ற ஐயாவும் ஒருவர். கடைசிவரை அந்த ஏக்கர் கணக்கை எங்களிடம் ஒப்பித்துக்கொண்டிருந்தார். அப்பத்தா மட்டும், "சரி, நாளைக்கு அரிசிக்கு என்ன வழி?" என்று கேட்பார்.

உங்கள் ஆத்தாவுக்குக் கணக்குப் புரியாது என்றா நினைத்தீர்கள்? கல்யாணமானதும் ஒரே வளவு வீட்டுக்குள் தனிக்குடித்தனமாக வேறு வைத்து, தனி அடுப்பும் தனிச் செலவும் கொடுத்துப் பழக்குகிற ஊர் இது. சீர்ப்பணத்தை வட்டிக்கு விட்டுப் பெருக்கத் தெரிந்த ஆச்சிமார்கள் இருந்த ஊர். வாரா வாரம் அவர் கேட்பதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டீர்கள். அது பணம் போட்டவர் கேட்கிற கேள்வி. முதலீட்டாளருக்குக் காட்டும் அறிக்கையில் ஆளையும் காசையும் தனித்தனிக் கட்டத்தில்தானே போடுவீர்கள்? பெற்றவருக்கு மட்டும் ஏன் ஒரே கட்டம்? அந்தக் காலத்தில் கடல் கடந்து போன ஏஜென்ட் முதலாளிக்கு இப்படி ஒரு கணக்கு எழுதியிருந்தால், மூன்று வருடத் தவணை முடியும்வரை அவனைக் கடையில் விட்டு வைத்திருக்க மாட்டார்கள்.

சனிக்கிழமை பஸ் ஏறி ஊருக்குப் போங்கள். போனில் சொல்லாதீர்கள். ஐந்தொகைக் கணக்குப் போட்டு, வீட்டுக் கூடத்துப் பட்டாலையில் அவர் முன்னால் வையுங்கள்: வந்த காசு, செலவு, கையிருப்பு, தரவேண்டியது. 9 லட்சத்துக்கும் வட்டி குறித்துப் புரோநோட்டு எழுதிக் கொடுங்கள். வேண்டாம் என்பார், கொடுங்கள். திரும்பி வந்ததும் அந்த மூன்று பேரிடமும் பணம் எத்தனை மாதத்துக்கு என்று சொல்லிவிடுங்கள். அவர்கள் வீட்டிலும் யாரோ வரவு கேட்கிறார்கள்.

பிறகு தொழிலுக்கு வாருங்கள். கல்யாணம், அறுபதாம் வயதுச் சாந்தி, முன்னோருக்குப் படைப்பு என்று எல்லா அறிவிப்பையும் இலவசமாகத்தானே போடுகிறீர்கள்? பந்தலுக்கும் பத்திரிகைக்கும் அள்ளிக் கொடுக்கிற வீடு உங்களுக்கு 200 ரூபாய் தராதா? தராது என்றால் உங்கள் தளம் அவர்களுக்குத் தேவையில்லை, அவ்வளவுதான். மூன்று மாதம் கேட்டுப் பாருங்கள். அதற்குள் வருகிற காசு அந்த மூன்று பேர் சம்பளத்தையாவது எட்டாவிட்டால், மிச்சப் பணத்தில் அவர்கள் கணக்கைத் தீர்த்துத் தளத்தை மூடிவிட்டு, வேலைக்குப் போய் ஆத்தாவின் கடனை அடையுங்கள்.

சனிக்கிழமை ஏச்சு விழும், வாங்கிக்கொள்ளுங்கள். எத்தனை பேர் சேர்ந்திருக்கிறார்கள் என்று அவராகக் கேட்டால் மட்டும் அந்த நாலாயிரத்தைச் சொல்லுங்கள்.