80 நாளாக அடுப்படியில் இருக்கும் தட்டு

கேள்வி: ஸ்பெயினில் பெனீஸ்கோலா என்ற கடற்கரை ஊருக்குப் போன ஜூனில் வந்தோம். கணவருக்கு வீட்டிலிருந்தே ஐடி வேலை. ஏழு வயது மகள் இங்கே பள்ளிக்குப் போகிறாள். கோடையில் ஊரே திருவிழா மாதிரி இருந்தது, நிறையப் பேர் பழக்கமானார்கள். அக்டோபரோடு எல்லோரும் போய்விட்டார்கள், கடை, ஓட்டல் எல்லாம் ஷட்டர் போட்டாகிவிட்டது. எங்கள் அபார்ட்மென்டில் 40 வீடுகள், ராத்திரி விளக்கு எரிவது எங்கள் வீட்டிலும் கீழ்வீட்டுப் பாட்டி வீட்டிலும்தான். நவம்பர் 1 அன்று அந்தப் பாட்டி பூசணிக்காயில் செய்த ஏதோ இனிப்பு போண்டா கொண்டுவந்து கொடுத்தார். மொழி தெரியாமல் போய்ப் பேசக் கூச்சமாக இருந்ததால் அவருடைய தட்டு இன்னும் எங்கள் அடுப்படியில்தான் இருக்கிறது. பொங்கலன்று செய்த சர்க்கரைப் பொங்கலைச் சாப்பிட ஆளில்லாமல் மூன்று நாள் ஃப்ரிட்ஜில் வைத்துத் தின்றோம். தினமும் அம்மாவோடு வீடியோவில் பேசுவதுதான் ஒரே ஆறுதல். பார்சிலோனாவுக்கு மாறிவிடலாமா, இல்லை கோவைக்கே திரும்பிவிடலாமா?
(பெயர் வேண்டாம், ஜனவரி 20)

பதில்: பார்சிலோனாவை அப்புறம் பார்ப்போம். முதலில் அந்தத் தட்டு.

நவம்பர் 1 முதல் ஜனவரி 20 வரை விரல்விட்டு எண்ணினேன், 80 நாள். நடுவில் கிறிஸ்துமஸ் வந்தது. ஜனவரி 6-ஆம் தேதி மூன்று ராஜாக்கள் திருநாள் வந்தது, ஸ்பெயினில் பிள்ளைகள் பரிசுக்காகக் காத்திருக்கும் நாள் அது. நம் பொங்கலும் வந்து போனது. இத்தனைக்கும் நடுவில் ஒரு வயதான அம்மாளின் தட்டு உங்கள் அடுப்படியில் கழுவி வைத்தபடி உட்கார்ந்திருக்கிறது. அடுத்த வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்காதே, ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுக் கொடு என்று சொல்லித்தானே நம்மையெல்லாம் வளர்த்தார்கள்? நீங்கள் வெறுமனேகூடக் கொடுக்கவில்லை.

தட்டு அடுப்படியில், பொங்கல் ஃப்ரிட்ஜில். கடிதத்தில் இரண்டையும் அடுத்தடுத்த வரியில் எழுதியிருக்கிறீர்கள். சாப்பிட ஆளில்லை என்கிறீர்களே, படியிறங்கினால் ஆள் இருந்தது, போட்டுக் கொடுக்க அவருடைய தட்டே கையில் இருந்தது. எழுதும்போது கொஞ்சமாவது உறைக்க வேண்டாமா அம்மா?

அவர் கதவைத் தட்டிய நாள் என்ன நாள் தெரியுமா? நவம்பர் 1 அங்கே சகல புனிதர்கள் நாள். குடும்பம் குடும்பமாகக் கல்லறைக்குப் போய்ச் சுத்தம் செய்து, பூ வைத்து, போனவர்களை நினைத்துக்கொள்ளும் நாள், நமக்கு மகாளய அமாவாசை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பூசணிக்காய் போண்டா என்று நீங்கள் எழுதியது அந்தப் பக்கத்துப் பலகாரம், புன்யூவெலோ என்பார்கள். பூசணியை வேக வைத்து மசித்து, மாவோடு ஈஸ்ட் போட்டுப் பிசைந்து பொங்க வைத்து, எண்ணெயில் பொரித்துச் சர்க்கரையில் புரட்ட வேண்டும். ஒருத்திக்காக மட்டும் யாரும் அந்த வேலையை இழுத்துப் போட்டுக்கொள்ள மாட்டார்கள். அன்றைக்கு யாரையெல்லாம் நினைத்து அழுதாரோ, அடுப்பை மூட்டி மாடியேறி வந்தது உங்கள் வீட்டுக்கு. 40 வீட்டில் இரண்டு விளக்கு என்று நீங்கள் உங்களுக்காகப் பரிதாபப்படுகிறீர்கள். அந்த இன்னொரு விளக்கும் 80 நாளாக உங்களுடையதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது.

இந்தக் கடிதம் எனக்குப் புதிதில்லை. நார்வேயிலிருந்து வரும், மஸ்கட்டிலிருந்து வரும், நியூ ஜெர்சியிலிருந்து மாதம் ஒன்று வரும். ஊர்ப் பெயரை மாற்றினால் மற்றதெல்லாம் அச்சு அசல் ஒன்றுதான்: இங்கே யாருமே இல்லை. உங்கள் ஊரில் ஆள் இல்லையா? ஏறக்குறைய 8,000 பேர் வருடம் பூராவும் வாழ்கிற ஊர் அது. மீன்பிடிப் படகுகள் வாரநாட்களில் காலையில் போய் மாலையில் துறைமுகத்துக்குத் திரும்பும், இறங்கிய மீனை அங்கேயே ஏலம் விடுவார்கள், ஒருநாளாவது போய் நின்றிருக்கிறீர்களா? பக்கத்து ஊர் பெனிகார்லோவில் ஆர்ட்டிசோக் காய்க்குக் குளிர்காலத்தில் விழாவே எடுக்கிறார்கள். ஜனவரி 17 அந்த வட்டாரத்தில் புனித அந்தோணியார் நாள், தெருவில் சொக்கப்பனை கொளுத்துவார்கள், ஆடு மாடு குதிரையை எல்லாம் கூட்டிக்கொண்டு வந்து மந்திரிப்பார்கள். போகியும் மாட்டுப் பொங்கலும் சேர்ந்த மாதிரி இருக்கும், அதுவும் நம் பொங்கல் முடிந்த கையோடு! நீங்கள் எனக்கு இந்தக் கடிதம் எழுதியது அதற்கு மூன்று நாள் கழித்து.

கோடையில் பழகினவர்களைத்தான் நீங்கள் மனிதர்கள் கணக்கில் சேர்க்கிறீர்கள். அவர்கள் யார்? சாரகோசாவிலிருந்தும் மாட்ரிடிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் இரண்டு வாரம் குளிக்க வந்தவர்கள், பிறகு சீசனுக்கு மட்டும் வேலைக்கு வரும் ஓட்டல் பிள்ளைகள். ஈஸ்டருக்கு ஷட்டர் தூக்கும்போது திரும்பி வருவார்கள், உங்களுக்கும் எல்லாம் சரியாகிவிட்ட மாதிரி இருக்கும், அக்டோபரில் மறுபடி எனக்குக் கடிதம் எழுதுவீர்கள்.

கூச்சம் எனக்குப் புரியாததில்லை. கல்யாணமான புதிதில் நாசிக்கில் குடியிருந்தேன், மராத்தியில் ஒரு வார்த்தை வராது. சங்கராந்திக்கு எதிர்வீட்டு அம்மாள் எள்ளும் வெல்லமும் உருட்டிக் கொண்டுவந்து தட்டினபோது நான் கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றவள். அதனால்தான் உங்கள் மேல் இவ்வளவு கோபம் வருகிறது.

ஒன்று கேட்கிறேன். தினமும் அம்மாவோடு பேசுகிறீர்களே, இந்தத் தட்டு விஷயத்தைச் சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள். சொன்னால் அவர் என்ன சொல்லுவார் என்பது உங்களுக்குத் தெரியும். இன்னொன்றும் யோசியுங்கள். கோவையில் உங்கள் அம்மாவுக்கு ராத்திரி நெஞ்சு வலித்தால் அங்கே நாலரை மணி நேரம் பின்னால் இருக்கிற நீங்களா ஓடுவீர்கள்? பக்கத்து வீட்டுக்காரர்தான் ஓடிவர வேண்டும். நம் பெற்றோரைப் பிறத்தியார் கையில் விட்டுவிட்டு வெளிநாடு போகிற ஒவ்வொருவருக்கும் போன இடத்தில் ஒரு கடன் இருக்கிறது என்று நான் நம்புகிறேன், பழைய பஞ்சாங்கம் என்று சொன்னாலும் பரவாயில்லை. காலியான கட்டடத்தில் அந்தப் பாட்டி குளியலறையில் வழுக்கி விழுந்தால் சத்தம் கேட்கிற தூரத்தில் நீங்கள் மட்டும்தான் இருக்கிறீர்கள். அவர் பெயராவது தெரியுமா உங்களுக்கு?

சரி, பார்சிலோனா. உங்கள் வீட்டுக்காரருக்கு வேலைக்கோ மகளுக்குப் படிப்புக்கோ அவசியம் என்றால் தாராளமாகப் போங்கள். ராவல் பகுதியில் நம் மளிகை கிடைக்கும், கறிவேப்பிலை கிடைக்கும். ஆனால் அங்கேயும் கீழ்வீடு உண்டு. கோவைக்குத் திரும்புவதானாலும் யோசித்து முடிவெடுங்கள், தனிமைக்குப் பயந்து மட்டும் மூட்டை கட்டாதீர்கள். எதுவானாலும் தட்டைக் கொடுக்காமல் அந்த ஊரைவிட்டுக் கிளம்பக் கூடாது.

பாறை மேல் நிற்கிற உங்கள் ஊர்க் கோட்டையில் பாப்பா லூனா என்று ஒருவர் இருந்தார், பதின்மூன்றாம் பெனடிக்ட். 1417-இல் கான்ஸ்டன்ஸ் நகரில் கூடிய திருச்சபைச் சங்கம் பதவியைப் பறித்த பிறகும் நான்தான் போப் என்று கதவைச் சாத்திக்கொண்டு சாகும் வரை பிடிவாதமாக உட்கார்ந்திருந்தார். அந்த ஊருக்கு அப்படி ஒருத்தர் போதும்.

ஆகவே, இந்த சனிக்கிழமை போங்கள். மத்தியானம் இரண்டிலிருந்து ஐந்துக்குள் வேண்டாம், சாப்பிட்டுக் கண்ணயரும் நேரம். ஆறு மணி சரியாக இருக்கும். மகளைக் கூட்டிக்கொண்டு போங்கள், பாட்டி மடி பக்கத்தில் இல்லாத பிள்ளை அது, அதற்கும் ஒரு கிழவி வேண்டும். ஆனால் உங்களுக்குப் பதிலாக அவளைப் பேச விடாதீர்கள். தப்பும் தவறுமாக நீங்களே சொல்லுங்கள்: "பெர்தோனே லா தார்தான்சா." தாமதத்துக்கு மன்னியுங்கள் என்று அர்த்தம், மேற்கொண்டு அவர் பார்த்துக்கொள்வார். பெரியவர்களுக்கு ஸ்பானிஷ் சொல்லிக்கொடுக்கும் அரசுப் பள்ளி உங்கள் பக்கத்தில் எங்கே இருக்கிறது என்றும் அவரிடமே கேளுங்கள், அதற்காக இன்னொரு நாள் போக வேண்டி வரும், போங்கள்.

தட்டில் ரவா கேசரி வையுங்கள். குங்குமப்பூ அவர்கள் நாட்டு லா மான்சாவிலேயே விளைகிறது, கஞ்சத்தனம் பண்ணாமல் போடுங்கள். நெய்யை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள், வயதானவர்.