நடுகல் குரூப்பில் சண்டை: ஒருவரை மட்டும் நீக்கியது சரியா?

கேள்வி: தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நடுகல், கல்வெட்டு தேடிப் போகிற ஆர்வலர்களுக்காக ஒரு வாட்ஸ்அப் குரூப் நடத்துகிறேன். 340 பேர் இருக்கிறார்கள். அட்மின் நான் ஒருவன்தான். போன மாதம் அரூர் பக்கம் வயல் ஓரத்தில் இருக்கும், வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் பொறித்த ஒரு நடுகல்லின் படத்தை ஒருவர் போட்டார். குரூப்பில் உள்ள ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அதைப் படித்து, அந்த வீரர் தன் சாதியின் முன்னோர் என்று எழுதினார். தேன்கனிக்கோட்டைத் தம்பி ஒருவர், மூன்றாம் வரியில் உள்ள எழுத்து 'ப' இல்லை, 'வ' என்றார். "வீட்டில் கன்னடம் பேசுகிறவனுக்கு வட்டெழுத்து எங்கே தெரியப் போகிறது" என்று ஆசிரியர் எழுத, "உனக்குப் படிக்கத் தெரிஞ்சா படி, இல்லேன்னா மூடிட்டுப் போ" என்று தம்பி பதில் போட்டுவிட்டார். பெரியவரை இப்படிப் பேசலாமா என்று உடனே தம்பியை நீக்கிவிட்டேன். அன்று இரவே 14 பேர் வெளியேறினார்கள். ஆள் பார்த்து நீக்கினேன் என்கிறார்கள். நான் செய்தது தவறா? இனி எப்படி நடத்துவது? நாளைக்கு ஏதாவது வழக்கு வந்தால் அட்மின் தலையில் விழுமா?
- வாசகர், பாப்பிரெட்டிப்பட்டி

பதில்: நீக்கியது தவறு. தம்பி பேசியது சரி என்பதால் இல்லை. இரண்டு பேர் வரம்பு மீறிய இடத்தில் ஒருவரை மட்டும் நீக்கினீர்கள், அதனால்தான் தவறு. இரண்டு வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தம்பியின் வரி மரியாதை கெட்ட பேச்சு. ஆனால் அது ஆசிரியர் எழுதிய ஒன்றுக்குப் பதிலாக வந்தது. ஆசிரியரின் வரி தம்பியின் வாசிப்பைத் தொடவே இல்லை. அவர் வீட்டில் என்ன மொழி பேசுகிறார் என்பதைத்தான் தொட்டது. அவருடைய பிறப்பைச் சொல்லிக் குத்திய பேச்சு அது. இரண்டில் அதுதான் கனமானது, முதலில் வந்ததும் அதுதான். உங்கள் கண்ணுக்கு அது படாமல் போனதற்குக் காரணம், அதில் 'டா' இல்லை, கெட்ட வார்த்தை இல்லை. நம் ஊரில் வயதானவர் மெதுவாகக் குத்தினால் அறிவுரை, சின்னவர் சத்தமாகத் திருப்பினால் திமிர். ஒரு அட்மின் முதலில் விட வேண்டிய பழக்கம் இதுதான். ஆசிரியரின் வயதுக்கும் உழைப்புக்கும் மரியாதை கொடுங்கள். அதற்காக விதியைத் தளர்த்தாதீர்கள்.

இப்போது செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறோம். வரிசை மாறினால் காரியம் கெடும்.

முதலில் ஆசிரியரை நேரில் போய்ப் பாருங்கள். போனில் வேண்டாம், குரூப்பில் வேண்டவே வேண்டாம். "ஐயா, நீங்கள் எழுதிய அந்த ஒரு வரி குரூப் விதிக்கு ஒத்துவராது. உங்கள் வாசிப்பை யாரும் தள்ளவில்லை. அந்த வரியை மட்டும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று நீங்களே ஒரு வார்த்தை எழுதினால் எனக்கு உதவியாக இருக்கும்" என்று கேளுங்கள். நாலு பேர் முன்னால் கேட்டால் மறுத்துவிடுகிற மனிதர், வீட்டுத் திண்ணையில் கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார். ஒத்துக்கொள்ளாவிட்டாலும் அந்த வரி குரூப்பில் இருக்கக் கூடாது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு நீங்களே அழியுங்கள். அனுப்பியவர் அழிக்கத்தான் நேர வரம்பு, இரண்டு நாளுக்குச் சற்றுக் கூடுதல். அட்மின் அதற்குப் பிறகும் எல்லோருக்கும் சேர்த்து அழிக்கலாம். அழித்த இடத்தில் அட்மின் பெயர் தெரியும். தெரியட்டும், யார் அழித்தது என்பது மறைய வேண்டிய விஷயம் இல்லை.

இரண்டாவது, தம்பிக்குப் போன். "நான் அவசரப்பட்டேன், நடந்ததில் பாதியைத்தான் பார்த்தேன்" என்று எதற்கு வருந்துகிறீர்களோ அதைச் சொல்லி வருத்தம் தெரிவியுங்கள். "மனசு கஷ்டப்பட்டிருந்தால் சாரி" என்பது வருத்தம் ஆகாது. பழியை அவர் மனசின் மேல் போடுவதுதான் அது. அவர் எழுதிய வரியும் விதிக்குப் புறம்பானது, அதையும் அழிக்கப் போகிறேன் என்பதை அதே போனிலேயே சொல்லி, அவரைத் திரும்பக் குரூப்புக்கு அழையுங்கள்.

அதன் பிறகுதான் குரூப்பில் அறிவிப்பு. பெயர் வேண்டாம், நாலு வரி போதும்: "சென்ற மாத நடுகல் விவாதத்தில் இரண்டு பதிவுகள் நம் விதியை மீறின. இரண்டும் நீக்கப்பட்டன. ஒருவரை மட்டும் குரூப்பிலிருந்து எடுத்தது என் தவறு, அவரைத் திரும்ப அழைத்திருக்கிறேன். மூன்றாம் வரி வாசிப்பு பற்றிய விவாதம் திறந்தே இருக்கிறது." இதை 7 நாளைக்குக் குரூப்பின் மேலே நிற்கும்படி 'பின்' (pin) செய்து வையுங்கள். வெளியேறிய 14 பேரையும் துரத்தித் துரத்திக் கெஞ்ச வேண்டாம். கடந்த 60 நாளில் வெளியேறியவர்களின் பட்டியல் குரூப் விவரத்தின் அடியிலேயே இருக்கும். ஆளுக்கு ஒரு முறை, அதே நாலு வரியோடு லிங்க் அனுப்புங்கள். வருகிறவர் வரட்டும்.

இனிமேல் எப்படி நடத்துவது என்று கேட்டீர்கள். பொதுவாக எல்லாரும் செய்வது, "மரியாதையாகப் பேசவும்" என்று ஒரு விதி எழுதிவிட்டு நிம்மதியாக இருப்பது. அதனால் ஒரு பயனும் இல்லை. எது மரியாதை என்பதில்தானே சண்டையே. உங்கள் பொழுதுபோக்குக்கு ஒரு வசதி உண்டு: சண்டையைக் கல்லின் மேல் கொண்டுபோய் வைக்க முடியும். ஆள் மேல் விழுவதற்கு முன்பே அதைச் செய்துவிட வேண்டும்.

அதற்கு வழி, வாசிப்பைப் போடுகிற முறையை ஒழுங்கு செய்வது. நடுகல் படம் போடுகிறவர் குறைந்தது 3 படம் போட வேண்டும்: முழுக் கல், எழுத்துப் பகுதி, பக்கத்தில் அளவுகோல் வைத்து ஒன்று. வெயில் பக்கவாட்டில் விழும் காலையிலோ மாலையிலோ எடுத்தது நல்லது. உச்சி வெயிலில் எழுத்தின் பள்ளம் தட்டையாகிவிடும். நிழலில் இருக்கும் கல் என்றால் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து எடுக்கலாம். மாவு, சுண்ணாம்பு, சாக்பீஸ் தடவிய படத்தை ஏற்காதீர்கள். கல்லுக்குக் கேடு என்பது ஒரு காரணம். இன்னொன்று, சாக்பீஸால் கோடு போட்டவர் எழுத்தை எப்படி நினைத்தாரோ அப்படித்தான் படத்தில் தெரியும். பார்க்கிறவர் கல்லைப் படிக்கவில்லை, கோடு போட்டவர் கையைப் படிக்கிறார். பாதிச் சண்டைக்கு மூலம் இப்படிப்பட்ட படங்கள்தான்.

வாசிப்பை வரி வரியாக எண் போட்டு எழுதச் சொல்லுங்கள். சிதைந்த எழுத்துக்குப் புள்ளி, சந்தேகமான எழுத்துக்கு அடைப்புக்குறி. பிற்கால வட்டெழுத்தில் ப, ய, வ மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும். பல கற்களில் மெய்யெழுத்துப் புள்ளி இருக்காது, இருந்தாலும் தேய்ந்திருக்கும். ஆகவே 'ப'வா 'வ'வா என்று இரண்டு பேர் மாறி மாறிப் படிப்பது இந்த வேலையில் அன்றாடம் நடப்பது. அதில் யாருக்கும் தலைகுனிவு இல்லை. ஆசிரியர் அந்த எழுத்தை அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தால், தம்பி சொன்னது அவருடைய சந்தேகத்துக்கு விடையாக வந்திருக்கும். போடாததால் எதிர்ப்பாகத் தெரிந்தது. அத்தனை சண்டைக்கும் நடுவில் நின்றது இந்த ஒரு குறிதான்.

வாசிப்பு முடிந்த பிறகு விளக்கம் தனிப் பதிவாக வரட்டும். "தொறு", "ஞான்று", "பட்டான்" என்று கல்லில் இருப்பது வாசிப்பு. ஆநிரை கவர்ந்த நாளில் ஒருவர் இறந்தார் என்பது அதன் பொருள். அவர் இன்றைய எந்தச் சாதி என்பது இரண்டிலும் சேராது. கல்லில் எழுத்தாக இருக்கும் பெயரை, ஊரை, அரசனை, நிகழ்ச்சியைச் சொல்லலாம், இன்றைய சாதிக்கு உரிமை கொண்டாடுவது கூடாது என்று நேரடியாகவே விதி எழுதுங்கள். நாசூக்காக எழுதினால் ஒருவருக்கும் புரியாது. எந்தச் சாதிக்காரர் எழுதினாலும், அட்மினின் சொந்தக்காரரே எழுதினாலும், அந்தப் பதிவு போக வேண்டும்.

பேச்சில் இரண்டே கட்டுப்பாடு போதும். எல்லாருக்கும் 'நீங்கள்'. பெரியவர் பிரியமாக "தம்பி, நீ பார்க்கலையா" என்று எழுதலாம். நேரில் அது அன்பு. 340 பேர் படிக்கிற இடத்தில் குரல் கேட்காது, ஒருமை மட்டும்தான் நிற்கும். அடுத்து, விவாதத்துக்கு வாய்ஸ் நோட் கூடாது. நாலு நிமிஷ வாய்ஸ் நோட்டில் எந்த இடத்தில் வரம்பு மீறினார் என்று யாராலும் காட்ட முடியாது, தேடவும் முடியாது. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்து உறுப்பினர்கள் கன்னடத்திலோ தெலுங்கிலோ எழுதினால் தடுக்காதீர்கள். தமிழில் ஒரு வரி பொருள் சேர்க்கச் சொன்னால் போதும். அந்தப் பகுதிக் கன்னடக் கல்வெட்டு வரும்போது உங்களுக்குப் படித்துச் சொல்லப் போகிறவர்கள் அவர்கள்தான்.

ஒற்றை அட்மின் என்பதை இன்றே மாற்றுங்கள். மூன்று பேர் வேண்டும்: தருமபுரிப் பக்கம் ஒருவர், கிருஷ்ணகிரிப் பக்கம் ஒருவர், ஓசூர் வட்டாரத்தில் ஒருவர். மூவரில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். பெண் உறுப்பினர்களுக்குத் தனிச் செய்தியில் வரும் தொல்லையை அவர்கள் ஆண் அட்மினிடம் சொல்லத் தயங்குவார்கள். விவாதத்தில் கலந்துகொண்ட அட்மின் அந்த விவாதத்தில் தீர்ப்புச் சொல்லக் கூடாது. யாரையும் நீக்க இரண்டு அட்மின்களின் ஒப்புதல் வேண்டும். மேல்முறையீட்டைக் கேட்பவர் மூன்றாமவர்.

நடவடிக்கை படிப்படியாகப் போகட்டும். சூடு ஏறும்போதே அனுப்பியவரிடம் தனியாகச் சொல்லுங்கள். 15 நிமிஷத்துக்குள் என்றால் அவரே திருத்திவிடலாம், அதோடு முடிந்துவிடும். திருத்தாவிட்டால் பதிவை அழித்து, எந்த விதி என்று ஒரு வரி. திரும்பச் செய்தால் 7 நாள் வெளியே, எந்தத் தேதியில் திரும்பச் சேர்ப்போம் என்று எழுத்தில் சொல்லி. தேதி சொல்லாமல் நீக்குவதுதான் ஆளை எதிரியாக்குகிறது. மிரட்டல், பெண்களுக்கு ஆபாசம், கல்லை எடுத்து விற்கிறவனிடம் அது இருக்குமிடத்தைச் சொல்வது இவற்றுக்கு மட்டும் எச்சரிக்கை இல்லாமல் நிரந்தர நீக்கம். ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள்: தேதி, பதிவு, விதி, முடிவு செய்த இருவர். ஆறு மாதம் கழித்து அதைப் புரட்டினால் ஒரே ஊர்க்காரர்களையே நீக்கியிருக்கிறீர்களா என்று உங்களுக்கே தெரியும். குரூப்பையே மூடி அட்மின் மட்டும் எழுதும்படி வைப்பது 12 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். அது குற்றம் செய்யாத 338 பேருக்கும் தண்டனை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது, லொகேஷன். புதையல் ஆசையில் நடுகல்லின் அடியைத் தோண்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கிராமம், வட்டம் வரை போதும். துல்லியமான இடம் அட்மின்களுக்கும் அருங்காட்சியகத்துக்கும் தொல்லியல் துறைக்கும் மட்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் படத்துக்குள் இருக்கும் இட விவரம் நீங்கிவிடும். டாக்குமென்டாக அனுப்பினால் அப்படியே போய்விடும். தரம் குறையாது என்று பலர் டாக்குமென்டாக அனுப்புவது இதை அறியாமல்தான். நம் இரண்டு மாவட்டங்களிலும் பல நடுகற்கள் வேடியப்பன் என்ற தெய்வமாக வழிபாட்டில் இருப்பவை. எண்ணெய் பூசி மஞ்சள் வைத்திருக்கிற ஊர்க்காரர்களை "விவரம் கெட்டவர்கள்" என்று எழுதும் பதிவும் மரியாதை மீறல்தான். இத்தனை நூற்றாண்டு அந்தக் கல் அங்கே நிற்பது அவர்கள் கும்பிட்டதால்.

வழக்கு பயம் பற்றி. உறுப்பினர் போட்ட பதிவுக்கு, அட்மின் என்ற ஒரே காரணத்தால் ஒருவர் குற்றவாளி ஆக மாட்டார் என்று கேரள உயர் நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் சொன்னது. அட்மினாக இருந்தது தவிர வேறு பங்கு இல்லையென்றால் குற்றப்பத்திரிகையில் அவர் பெயரை நீக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையும் 2021 டிசம்பரில் ஒரு வழக்கில் சொன்னது. நீங்களே எழுதுவதும் ஃபார்வேர்டு செய்வதும் உங்கள் பொறுப்பு. பட்டியல் சாதியினரைச் சாதி சொல்லி இழிவுபடுத்தும் பதிவு 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வரை போகும். கண்டவுடன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அழித்து, நோட்டில் எழுதுங்கள்.

மூன்றாம் வரி இன்னும் தீரவில்லை. சாக்பீஸ் இல்லாமல், மாலை வெயிலில், அந்த ஒரு எழுத்தை மட்டும் நெருக்கமாக எடுத்துவரச் சொல்லுங்கள். படத்தை ஆசிரியருக்கும் தம்பிக்கும் ஒரே நேரத்தில் தனித்தனியாக அனுப்பி, ஒருவர் வாசிப்பு மற்றவருக்குத் தெரியும் முன் எழுதி வாங்குங்கள். இரண்டும் வேறுபட்டால் இரண்டையும் அடுத்தடுத்து, எழுதியவர் பெயரோடு குரூப்பில் போட்டு, படத்தையும் வைத்து, கல்வெட்டு வாசிக்கத் தெரிந்த மூன்றாவது ஒருவரிடம் கேளுங்கள்.