டிரைவர் கமென்டில் வார்னிங்: முதலில் நட்சத்திரங்களை எண்ணுங்கள்

கேள்வி: ஜவ்வரிசி ஆலைகளில் மாவின் ஈரம் பார்க்க ஒரு சென்சாருக்கு லினக்ஸ் டிரைவர் எழுதியிருக்கிறோம். நன்றாக ஓடுகிறது. ஆனால் கூடுதல் வார்னிங்குகளைக் காட்டும் ‘மேக் டபிள்யூ=1’ என்று கம்பைல் செய்தால் கமென்டுகள் (நிரலில் எழுதும் விளக்கக் குறிப்புகள்) மேலேயே வார்னிங் கொட்டுகிறது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்கு அனுப்பும் முன் இதைச் சரிசெய்தே ஆக வேண்டுமா? – கல்லூரி மாணவர், அம்மாப்பேட்டை, சேலம்.

பதில்: ஆக வேண்டும். ஆனால் வார்னிங்கை வாயடைப்பதே நோக்கம் என்று உட்காராதீர்கள். கமென்ட் ஒன்று சொல்கிறது, கோடு (நிரல்) வேறொன்று செய்கிறது என்பதைத்தான் அந்த வார்னிங்குகளில் பெரும்பாலானவை காட்டிக்கொடுக்கின்றன.

சாதாரண கமென்ட் ‘/*’ என்று தொடங்கும். ‘/**’ என்று இரண்டு நட்சத்திரம் போட்டால், “இது கெர்னல்-டாக், ஆவணமாக எடுத்துக்கொள்” என்று கமென்டுகளிலிருந்து ஆவணம் தயாரிக்கும் கெர்னல்-டாக் கருவிக்குச் சொன்னதாக அர்த்தம். கோப்பின் தலைப்பில் இருக்கும் காப்புரிமைக் குறிப்பிலும், ஃபங்ஷனுக்குள் எழுதிய சிறு குறிப்பிலும் அழகுக்காக இரண்டு நட்சத்திரம் போட்டிருப்பார்கள். அங்கெல்லாம் ஒன்றை அழித்தால் போதும். நீங்கள் பார்க்கும் வார்னிங்குகளில் கணிசமானவை இதிலேயே தீரும்.

மிச்சமிருப்பவற்றுக்கு வடிவம் இதுதான். புரிவதற்காகப் பெயர்களைத் தமிழில் தருகிறேன். கோப்பில் எல்லாம் ஆங்கில எழுத்தில் இருக்கும்.

/**
 * ஈரம்_வாசி() - சென்சாரிலிருந்து ஒரு அளவை எடுக்கும்
 * @கருவி: சென்சாரின் நிலையை வைத்திருக்கும் ஸ்ட்ரக்ட்
 * @அளவு: விடையை எழுத வேண்டிய இடம் (மில்லி சதவீதம்)
 *
 * கான்டெக்ஸ்ட்: தூங்கக்கூடும், இன்டரப்டிலிருந்து அழைக்கக் கூடாது.
 * ரிட்டர்ன்: வெற்றி என்றால் 0, இல்லையேல் நெகட்டிவ் பிழை எண்.
 */

ஃபங்ஷன் பெயருக்குப் பின் சிறுகோடு (-), பாராமீட்டருக்குப் பின் முக்காற்புள்ளி (:). இதை மாற்றிப் போடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. சிப் தயாரிப்பாளர் தந்த மாதிரிக் கோடிலிருந்து எடுத்திருந்தால் ‘@பாராம் கருவி’, ‘@பிரீஃப்’ என்று டாக்ஸிஜன் என்ற வேறொரு ஆவணக் கருவியின் பாணியில் இருக்கும். கெர்னல்-டாக்குக்கு அது புரியாது.

“பாராமீட்டர் விவரிக்கப்படவில்லை” என்ற வார்னிங்கும் “அதிகப்படியான பாராமீட்டர்” என்ற வார்னிங்கும் ஒரே ஃபங்ஷனுக்குச் சேர்ந்து வந்தால், யாரோ பெயரை மாற்றிவிட்டுக் கமென்டை அப்படியே விட்டிருக்கிறார்கள். பெயரை மட்டும் திருத்தி நகராதீர்கள். பெயர் மாறிய இடத்தில் அர்த்தமும் மாறியிருக்கலாம், கோடைப் படித்துவிட்டு விவரத்தை எழுதுங்கள். “எதிர்பார்த்த புரோட்டோடைப் வேறு” என்று வந்தால் ஒன்று எழுத்துப்பிழை, இல்லையேல் கமென்டுக்கும் அதன் ஃபங்ஷனுக்கும் நடுவில் வேறொரு ஃபங்ஷன் நுழைந்திருக்கிறது.

ஸ்ட்ரக்டை (பல தரவுகளின் தொகுப்பு) விவரிக்கும் கமென்ட் என்றால் முதல் வரியில் ‘ஸ்ட்ரக்ட்’ என்ற சொல்லும் வர வேண்டும். உள்ளே இன்னொரு ஸ்ட்ரக்ட் இருந்தால் ‘@வெளி.உள்:’ என்று புள்ளி வைத்து எழுதுங்கள். வெளியாருக்குத் தேவையில்லாத உறுப்புகளுக்கு முன்னால், ஸ்ட்ரக்டுக்குள்ளேயே, ‘/* பிரைவேட்: */’ என்று ஒரு கமென்ட் போட்டால் கருவி அவற்றை விட்டுவிடும். ‘@லாக்: லாக்’ என்று ஒப்புக்கு எழுதுவதைவிட இது நேர்மை. லாக் என்றால் அது எதைக் காக்கிறது என்று எழுதுங்கள்.

வார்னிங்கே வராமல் ஏமாற்றும் இடமும் உண்டு. ரிட்டர்ன் பகுதியில் ‘0 - சரி’, அடுத்த வரியில் ‘-ஈஐஓ - பஸ் பிழை’ என்று எழுதினால், கோப்பில் பார்க்க ஒழுங்காக இருக்கும்; எச்டிஎம்எல் பக்கத்தில் எல்லாம் ஒரே வரியாக ஒட்டிக்கொள்ளும். 2016-இல் வந்த 4.8 பதிப்பிலிருந்து கெர்னல் ஆவணங்கள் ஸ்ஃபிங்ஸ் என்ற ஆவணம் உருவாக்கும் மென்பொருள் வழியாகப் போவதால் அதன் விதிகள்தான் இங்கே செல்லும். ஒரு வெற்று வரி விட்டு, ஒவ்வொன்றின் முன்னும் ‘*’ போட்டுப் பட்டியலாக்குங்கள். டைமிங் படம் வரைந்திருந்தால் முந்தைய வரியை ‘::’ என்று முடித்து, வெற்று வரி விட்டு, படத்தை உள்தள்ளி வையுங்கள்.

இன்னொன்று: டபிள்யூ=1 முக்கியமாக ‘.சி’ கோப்புகளைத்தான் பார்க்கும். உங்கள் ‘.எச்’ கோப்பை கெர்னல்-டாக் கருவிக்கு ‘-நன்’ என்ற விருப்பத்தோடு தனியாகக் கொடுங்கள். ஆவணம் எதுவும் உருவாகாது, பிழைகள் மட்டும் திரையில் வரும். ‘-வால்’ சேர்த்தால் ரிட்டர்ன் விவரம் இல்லாததையும் சொல்லும்.

உங்கள் டிரைவர் இன்னும் கெர்னலுக்குள் போகவில்லை என்பதால், திருத்தங்களை டிரைவர் பேட்ச்சிலேயே (அனுப்பும் மாற்றத் தொகுப்பு) சேர்த்துவிடலாம். அங்கே ஏற்கெனவே இருக்கும் வேறொரு டிரைவரின் கமென்டைத் திருத்தினால் அது தனி பேட்ச். கோடில் ஒரு வரிகூடத் தொடக் கூடாது, கருவி சொன்ன வார்னிங்கை அப்படியே கமிட் செய்தியில் ஒட்ட வேண்டும். யாருக்கு அனுப்புவது என்பதை ‘கெட்_மெயின்டெய்னர்’ ஸ்கிரிப்ட் சொல்லும். ஈரப்பத சென்சார் என்றால் பெரும்பாலும் இத்தகைய சென்சார் டிரைவர்களைக் கவனிக்கும் ஐஐஓ பிரிவைக் காட்டும்.