ஜும்பா வகுப்பில் எரிவது எத்தனை கலோரி?

கேள்வி: எனக்கு வயது 42, எடை 62 கிலோ. வாரத்தில் மூன்று நாள் ஒரு மணி நேர ஜும்பா வகுப்புக்குச் செல்கிறேன். ஒரு வகுப்பில் 600 கலோரி எரியும் என்கிறார் பயிற்சியாளர். என் ஸ்மார்ட்வாட்ச் 480 என்று காட்டுகிறது. உணவுக் கணக்குச் செயலியில் எதைப் பதிவது? எரிந்த அளவுக்குக் கூடுதலாகச் சாப்பிடலாமா?

பதில்: இரண்டையும் பதிய வேண்டாம். உங்கள் எடைக்கும், வகுப்பு வழக்கமாக நடக்கும் விதத்துக்கும் 185 முதல் 270 கலோரி வரை என்பதே நம்பத்தக்க மதிப்பீடு.

600 என்பது பயிற்சியாளர் இட்டுக்கட்டிய எண் அன்று. அமெரிக்காவில் விஸ்கான்சின்-லா கிராஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஜும்பா ஆடிய பெண்கள் நிமிடத்துக்குச் சராசரியாக 9.5 கலோரி செலவிட்டதாகக் கணக்கிடப்பட்டது. அதை 60ஆல் பெருக்கினால் 570 வருகிறது. விளம்பரங்களில் அது 600 ஆவதற்கு அதிக நேரம் பிடிக்காது. ஆனால் அந்தப் பெண்கள் 18 முதல் 22 வயதுக்குட்பட்டவர்கள், முன்பே ஆடிப் பழகியவர்கள். வகுப்பும் சராசரியாக 40 நிமிடத்தை எட்டவில்லை.

உங்களுக்கான கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். அதற்கு ‘மெட்’ என்னும் அலகு உதவும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றல் 1 மெட். அது ஒரு கிலோ எடைக்கு மணிக்கு ஏறத்தாழ 1 கலோரி. எந்தச் செயலுக்கு எத்தனை மெட் என்பதை அமெரிக்க உடற்பயிற்சி ஆய்வாளர் பார்பரா ஐன்ஸ்வர்த் குழுவினர் 1993 முதல் பட்டியலிட்டுத் திருத்தி வருகின்றனர். அதன் 2011 பதிப்பில், குதித்து ஆடும் ஏரோபிக் நடனத்துக்கு 7.3, கால் தரையை விட்டு அதிகம் எழாத மென்மையான வகைக்கு 5, தசைகளை நீட்டும் பயிற்சிக்கு 2.3 என்று உள்ளது.

பலரும் 7.3ஐ எடுத்து முழு ஒரு மணி நேரத்தால் பெருக்கிவிடுகிறார்கள். பிழை அங்கேதான் நுழைகிறது. வகுப்பில் ஒருமுறை மணி பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்: உடலைச் சூடேற்ற 8 நிமிடம், பாட்டு மாறும்போதும் தண்ணீர் குடிக்கும்போதும் நின்றது 8 நிமிடம், கடைசியில் நீட்டிப் பயிற்சி 8 நிமிடம் என்று வைத்துக்கொண்டால், உண்மையில் ஆடியது 36 நிமிடம்தான். சூடேற்றலுக்கு 3.5, நிற்பதற்கு 1.5 என்று கொண்டு ஒவ்வொரு பகுதியையும் அதற்குரிய மெட்டால் பெருக்கிக் கூட்டினால், முழு வகுப்பின் சராசரி சுமார் 5.35 மெட். அதை 62 கிலோவால் பெருக்கக் கிடைப்பது 332 கலோரி. அந்த ஒரு மணி நேரம் வீட்டில் அமர்ந்திருந்தாலும் 62 கலோரி செலவாகியிருக்கும் என்பதால் அதைக் கழிக்க வேண்டும், மீதி 270. மென்மையாக ஆடுபவராக இருந்தால் இதே கணக்கில் 185 அளவில் நிற்கும். 600 வர வேண்டுமானால் உங்கள் எடைக்கு ஒரு நிமிடமும் நிற்காமல் 9.7 மெட் தேவை. அது கிட்டத்தட்ட மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடுவதற்குச் சமம்.

இரண்டில் எந்தப் பக்கம் நீங்கள் என்பதை அறியப் பேசிப் பாருங்கள். ஆடும்போது பக்கத்தில் இருப்பவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் 5ஐயும், இரண்டு மூன்று சொற்களுக்கு மேல் மூச்சு தாங்கவில்லை என்றால் 7.3ஐயும் கொள்ளுங்கள்.

இனி ஸ்மார்ட்வாட்ச். அது அளப்பது கலோரியை அன்று, நாடித்துடிப்பையும் கையசைவையும். கலோரி என்பது அவற்றிலிருந்து அது ஊகிப்பது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 2017இல் ஏழு மணிக்கட்டுக் கருவிகளை 60 பேரிடம் சோதித்தபோது, ஆறு கருவிகள் நாடித்துடிப்பை 5 விழுக்காட்டுக்குள் சரியாகக் காட்டின. ஆனால் கலோரியில் மிகச் சிறந்த கருவிகூடச் சராசரியாக 27 விழுக்காடு தவறியது, மிக மோசமானது 93 விழுக்காடு. காற்றோட்டமில்லாத கூடத்தில் வியர்வையைப் பெருக்கி உடலைக் குளிர்விப்பதற்காகவும் இதயம் விரைந்து துடிக்கும். கைகளைத் தலைக்கு மேல் உயர்த்தி ஆடும்போதும் அப்படியே. கருவியோ அத்தனையையும் உழைப்பு என்று எண்ணிக்கொள்கிறது. மாறாக, இரத்த அழுத்தத்துக்காக பீட்டா பிளாக்கர் மாத்திரை உட்கொள்வோருக்குத் துடிப்பு அதிகம் ஏறாது என்பதால் கணக்குக் குறைத்துக் காட்டப்படலாம். (வகுப்பு முடிந்ததும் எடைபார்க்கும் இயந்திரத்தில் குறையும் அரைக் கிலோவும் பெரும்பாலும் தண்ணீர்தான்.) கடிகாரத்தைக் கழற்றி எறிய வேண்டியதில்லை: வயதும் எடையும் சரியாகப் பதிவாகியிருந்தால், சென்ற மாதத்து உங்களோடு இந்த மாதத்து உங்களை ஒப்பிட அது போதும்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, கூடுதலாக உண்ணத் தேவையில்லை என்பதே என் கருத்து, உங்கள் நோக்கம் எடை குறைப்பதாக இருந்தால். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயிலேயே சுமார் 120 கலோரி இருக்கிறது. இரண்டு கரண்டி கூடினால் வகுப்பு ஏறக்குறைய ஈடாகிவிடும். செயலியில் 185க்கும் 270க்கும் ஏறக்குறைய நடுவில் உள்ள 220 என்று பதியுங்கள். அதற்கு முன், அமைப்பில் உங்கள் அன்றாடச் செயல்பாட்டு நிலை என்னவென்று பாருங்கள்: ‘மிதமான உடற்பயிற்சி செய்பவர்’ என்று தேர்ந்திருந்தால் இந்த வகுப்புகள் ஏற்கெனவே தினசரி அளவில் சேர்ந்துவிட்டன, அப்போது தனியாக எதையும் பதியக் கூடாது.