உயிரி ஆயுதங்களைத் தடுக்க ஒரு சிறிய தன்னார்வ அமைப்பால் என்ன செய்துவிட முடியும்?

நிறையச் செய்ய முடியும். ஆயுதத்தைத் தேடிப்போய்ப் பிடிப்பது இவர்கள் வேலை இல்லை. ஆய்வகங்கள் எழுதிவைத்திருக்கும் காகிதங்களைக் கேட்டு வாங்கி, வரி விடாமல் படிப்பதுதான் வேலை.

1975-ல் நடைமுறைக்கு வந்த உயிரியல் ஆயுத ஒப்பந்தத்துக்கு, நேரில் போய்ச் சோதிக்கும் ஆட்களே கிடையாது. ரசாயன ஆயுத விஷயத்தில் ஹேக் நகரிலிருந்து ஆட்கள் நேரில் போய்ச் சோதிக்கிறார்கள். இங்கே ஜெனீவாவில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஊழியர்கள் மட்டும்தான். சரிபார்ப்பு முறை ஒன்றைக் கொண்டுவரப் பல ஆண்டுகள் பேசினார்கள். 2001-ல் அமெரிக்கா அந்த வரைவை ஏற்க மறுத்ததும் எல்லாம் நின்றுபோனது.

அந்த இடைவெளியில் வேலை செய்த அமைப்புதான் சன்ஷைன் புராஜெக்ட். டெக்சஸில் ஆஸ்டின், ஜெர்மனியில் ஹாம்பர்க் என இரண்டு இடங்களில் இயங்கியது. 2001-ல் ஆந்த்ராக்ஸ் கிருமி வைத்த கடிதங்கள் தபாலில் வந்த பிறகு அமெரிக்காவில் அபாயகரமான கிருமிகளை வைத்து ஆராயும் ஆய்வகங்கள் பெருகின. அவற்றின் உயிரியல் பாதுகாப்புக் குழுக்கள் கூடுகின்றனவா, கூடினால் என்ன பேசுகின்றன என்று ஆஸ்டினில் இருந்த எட்வர்ட் ஹாமண்ட் கூட்டக் குறிப்புகளைக் கேட்டு எழுதிக்கொண்டே இருந்தார். டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்திடம் தகவல் சட்டத்தின்கீழ் அவர் விடாமல் கேட்டதில் ஒரு உண்மை வெளியே வந்தது. 2006-ல் அங்கே ஒரு பணியாளருக்கு ஆய்வகத்திலேயே புருசெல்லா என்ற நோய்க்கிருமி தொற்றியிருக்கிறது. உடனே அரசுக்குச் சொல்லியிருக்க வேண்டும், ஒரு வருடத்துக்கு மேல் சொல்லவில்லை. வேறு மூன்று பேருக்கு கியூ காய்ச்சல் கிருமியோடு தொடர்பு ஏற்பட்டதும் அப்படியே மறைந்திருந்தது. 2007 ஜூன் இறுதியில் அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் அங்கே இந்தவகை ஆய்வுகளை நிறுத்திவைத்தது. பிறகு 10 லட்சம் டாலர் அபராதம்.

இது ஆய்வக விபத்துதானே, ஆயுதத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். தற்காப்பு ஆய்வுக்கும் தாக்குதல் ஆய்வுக்கும் கிருமி ஒன்று, கருவி ஒன்று, நுட்பமும் பெரும்பாலும் ஒன்று. உள்ளே நடப்பதை வெளியே இருப்பவர் பார்க்க முடிகிறதா என்பதுதான் நம்பிக்கைக்கு ஆதாரம். நோய் தொற்றியதையே ஒரு வருடம் மறைக்க முடிகிற இடத்தில் வேறு எதையும் மறைக்க முடியும். மறைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை, அந்த வசதி இருந்தது என்பதே எனக்குப் போதுமான கவலை.

இந்த முறைக்கு ஒரு எல்லை உண்டு. தகவல் கேட்கச் சட்டம் இருக்கும் நாட்டில்தான் இது நடக்கும். 1979-ல் சோவியத் ஒன்றியத்தின் ஸ்வெர்ட்லோவ்ஸ்க் நகரில் ராணுவ வளாகத்திலிருந்து ஆந்த்ராக்ஸ் கசிந்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கெட்டுப்போன இறைச்சி என்று அரசு சாதித்தது. 1992-ல் ரஷ்ய அதிபர் யெல்ட்சின் ஒத்துக்கொள்ளும் வரை அதிகாரபூர்வமான உண்மை வரவில்லை. அங்கே யாரும் மனு போட்டுக் கேட்டிருக்க முடியாது.

இன்னொரு எல்லை பணம். சன்ஷைன் புராஜெக்ட் நிதி இல்லாமல் 2008 பிப்ரவரியில் வேலையை நிறுத்தியது. அவ்வளவு பெரிய விஷயத்தை வெளிக்கொண்டுவந்த அடுத்த வருடமே! இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆற்றாமைதான். அரசிடம் பணம் வாங்கினால் அரசைக் கேள்வி கேட்பது கடினம். ஆய்வு நிறுவனங்களுக்கும் இவர்களைப் பிடிக்காது. ஆக, தனியார் நன்கொடைதான் வழி. அதை யாராவது தொடர்ந்து தர வேண்டும், ஒன்றுமே கண்டுபிடிக்காத வருடங்களிலும்.